குரோஷே ஊசி: வேகமும் கைச்சுகமும்

குரோஷே என்பது பிரெஞ்சு மொழிச் சொல். சிறு கொக்கி என்பது அதன் பொருள். கருவியின் பெயரே தொழிலுக்கும் பெயராய் அமைந்த கைப்பணி இது. நூலும் கொக்கியும் அன்றி வேறொன்றும் இதற்கு வேண்டுவதில்லை. காலி, வெலிகம ஆகிய கரையோரப் பகுதிகளிலே பீரலு லேஸ் பின்னும் மாதருக்குத் தலையணை வேண்டும், குண்டூசிகள் வேண்டும், நூல் சுற்றிய மரக்கட்டைகள் பல வேண்டும். குரோஷே பின்னுபவரோ தம் தொழிற்சாலை முழுவதையும் கைப்பையினுள் இட்டுக்கொண்டு பஸ் வண்டியில் ஏறிவிடலாம்.

இத்தகைய ஒற்றைக் கருவியைத் தெரிந்தெடுப்பதில் மாதர் காட்டும் கவனமோ மிகக் குறைவு. நூல் வாங்கும்போது நிறத்தைப் பகல் வெளிச்சத்திற் பிடித்துப் பார்ப்பார்கள், இழையை முறுக்கிப் பார்ப்பார்கள், விலையையும் பேசுவார்கள். ஊசி வாங்கும்போது எண்ணை மட்டும் சொல்லிவிட்டுக் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதைப் பெற்றுக்கொள்வார்கள். ஒரே அளவு பொறித்த இரண்டு ஊசிகள், வெவ்வேறு நிறுவனங்கள் செய்தவையாயின், கையில் முற்றிலும் வேறான இரண்டு கருவிகளாக நடந்துகொள்ளும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

இவ்வேறுபாடு அற்பமானதன்று. ஆங்கிலேயர் இரட்டைக் குரோஷே என்றும் அமெரிக்கர் ஒற்றைக் குரோஷே என்றும் அழைக்கும் எளிய பின்னல் ஒன்று உண்டு. ஊசியைக் கண்ணியினுள் நுழைத்தல், நூலைக் கொளுவுதல், அதனை இழுத்தெடுத்தல், மறுபடியும் கொளுவுதல், இரண்டு கண்ணிகளினூடாகவும் இழுத்து விடுதல் என ஐந்து அசைவுகள் அதற்கு வேண்டும். வரிசைக்கு 200 பின்னலாக 150 வரிசை கொண்ட சிறு மேசைவிரிப்பு ஒன்றில் 30,000 பின்னல்கள் உள்ளன. அசைவுகளோ ஒன்றரை இலட்சம். பின்னல் ஒன்றுக்கு மூன்று விநாடி செல்லுமாயின் அது 25 மணித்தியால வேலை. ஊசி ஒத்துழைப்பதனாற் பின்னல் ஒவ்வொன்றிலும் அரை விநாடி மிஞ்சுமாயின், முடிவில் நாலு மணித்தியாலமும் பத்து நிமிடமும் மிஞ்சும். ஆனால் அந்த அரை விநாடியின் விலையாகப் பெருவிரலின் அடிமூட்டு நோகத் தொடங்கி, மூன்றாம் நாள் வேலையை மூலையில் வைத்துவிட நேருமாயின், மிஞ்சியது என்ன? வேகத்தையும் சுகத்தையும் இரண்டு தட்டுகளில் வைத்து நிறுப்பவர்கள் இங்கேதான் தவறுகின்றனர். ஊசியின் வேகத்தை முதல் நிமிடத்தில் அளத்தல் ஆகாது. நாலாவது மணித்தியாலத்திலே அளத்தல் வேண்டும்.

ஊசியின் உறுப்புகளுக்கு மனித முகத்தின் பெயர்களே பொருத்தமாக வழங்குகின்றன. நுனியில் இருப்பது தலை. நூலைப் பற்றும் வெட்டு அதன் வாய். வாயின் விளிம்பு உதடு. வாய்க்குப் பின்னே ஒடுங்கியிருப்பது தொண்டை. அதன் பின்னே ஒரே பருமனாய்ச் செல்லும் பகுதி தண்டு. கண்ணிகளுக்கு அளவு கொடுப்பது இதுவே. பல ஊசிகளில் தண்டுக்குப் பின்னே தட்டையான ஓரிடம் உண்டு. அது பெருவிரல் தங்கும் இடம். எஞ்சியது பிடி. வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தலையும் தொண்டையும். சுகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பிடி. இரண்டையும் ஒருங்கே நன்றாகச் செய்த ஊசி அருமையாகவே கிடைக்கும்.

தலையின் அமைப்பில் இரண்டு குலங்கள் உண்டு. அமெரிக்காவிலே சூசன் பேற்ஸ் என்னும் பெயராலும் போய் என்னும் பெயராலும் விற்கப்பட்டு வந்த ஊசிகள் இவ்விரு குலங்களுக்கும் எடுத்துக்காட்டுகளாக எங்கும் சுட்டப்படுவனவாம். முதலாவது குலத்தில், தலை தண்டின் பருமனை மீறுவதில்லை. நேரான ஒரு கம்பியில் வாயை மட்டும் ஆழமாக வெட்டியது போன்ற தோற்றம். உதடு கூர்மையாக இருக்கும். இரண்டாவது குலத்திலே தொண்டை சரிந்து மெலிந்து, தலை உருண்டு, உதடு மழுங்கி இருக்கும். அமெரிக்கப் பெண்களிடையே இவ்விரண்டினுள் எது சிறந்தது என்ற வாதம், சமையலிற் புளி கூடியதோ குறைந்ததோ என்ற வாதத்தைப் போல, என்றும் தீராத ஒன்று.

வாதம் தீராமைக்குக் காரணம் உண்டு. ஆழமான வாயும் கூரிய உதடும் உள்ள ஊசி, கொளுவிய நூலை நழுவ விடாது. நழுவி விழுந்த நூலை மீண்டும் எடுக்கச் செல்லும் நேரம் அதனால் மிஞ்சுகிறது. தண்டும் தலையும் ஒரே பருமனாய் இருத்தலாற் கண்ணிகள் யாவும் ஓரளவாகவே அமையும். ஆனால் இழுத்தெடுக்கும்போது அந்த உதடே கண்ணியில் தடக்கும். ஊசியைச் சற்றுக் கீழ்நோக்கித் திருப்பிய பின்னரே அது வெளியே வரும். அத்திருப்பம் மணிக்கட்டின் வேலை. மழுங்கிய உதடுள்ள ஊசியோ கண்ணியினூடாக வழுக்கிக்கொண்டு வரும், திருப்பம் குறைவு, ஓட்டம் மிகுதி. எனினும் அதன் தொண்டை மெலிந்திருத்தலால், கவனமில்லாத கையிலே கண்ணிகள் தண்டில் அமராது தொண்டையிலேயே இறுகிவிடும். இறுகிய கண்ணியினுள் அடுத்த வரிசையில் ஊசி நுழைய மறுக்கும். முதல் வரிசையிற் கிடைத்த வேகத்தை இரண்டாவது வரிசை வட்டியோடு திருப்பிக் கேட்கும் என்று சொல்லலாம். ஆகையால், இறுக்கிப் பின்னும் இயல்புடையவர் நேரான தலையுள்ள ஊசியையும், தளர்த்திப் பின்னுபவர் சரிந்த தொண்டையுள்ள ஊசியையும் முதலில் முயன்று பார்ப்பது நலம்.

நுனியின் கூர்மையிலும் இதே இழுபறி காணப்படும். கூரிய நுனி நெருக்கமான பின்னலினுள் உடனே புகும். ஆனால் முறுக்குக் குறைந்த நூலாயின் அதன் புரிகளைப் பிளந்துவிடும். பிளந்த புரியைக் கவனியாது பின்னிச் சென்றவர், பத்து வரிசை கடந்தபின் கண்டு அவிழ்க்கும்போது ஊசியின் வேகத்தைப் பற்றிப் பேசமாட்டார். இன்னொன்று: கூரிய நுனியை மறுகையின் சுட்டுவிரலாற் பின்னோக்கித் தள்ளும் பழக்கம் பலரிடம் உண்டு. மெல்லிய உருக்கு ஊசியாயின், ஒரு கிழமைக்குள் அவ்விரலின் தோல் அதற்குச் சாட்சி சொல்லும்.

பொருளைப் பற்றி அடுத்துக் கூறவேண்டும். பழங்காலத்தில் எலும்பு, தந்தம், ஆமையோடு முதலியவற்றால் ஊசிகள் செய்தனர். யானைத்தந்தத்தின் பன்னாட்டு வணிகத்தைத் தடுக்கும் தீர்மானம் 1989 இல் நிறைவேறிய பின்னர், அவை பழம்பொருள் அலமாரிகளுக்கு உரியவை ஆயின. மெல்லிய பருத்தி நூலுக்கு உருக்கை வெல்ல இன்னும் வேறொன்றில்லை. 1 மில்லிமீற்றருக்கும் குறைந்த தண்டு வளையாமல் நிற்பதற்கு அதுவே வேண்டும். ஆயின் ஈரக்காற்று வீசும் நாடுகளிலே, முலாம் தேய்ந்த உருக்கு ஊசியிற் கைவியர்வை பட்டாற் துரு பிடிக்கும். துருவின் கறை வெள்ளை நூலை விட்டு எளிதில் அகலாது. அலுமினியத்தை மின்சாரத்தாற் பிரித்தெடுக்கும் முறையை அமெரிக்காவில் ஹோல் என்பவரும் பிரான்சில் எரூ என்பவரும் 1886 இல் தனித்தனியே கண்டனர். அதன் பின்னரே அவ்வுலோகம் மலிந்தது. அலுமினிய ஊசி பாரமற்றது, வழுக்கும் தன்மையுள்ளது, விலையும் குறைந்தது. மேற்பூச்சு இல்லாத அலுமினியம் வெளிர்நூலிலும் விரலிலும் சாம்பல்நிறக் கறையை ஏற்றும் என்பது அதன் குறை.

மூங்கில் ஊசியும் மர ஊசியும் கைக்கு இதமானவை. வியர்க்கும் கையில் அவை வழுக்குவதில்லை. ஆனால் அதே இதம் நூலையும் சிறிது பற்றிப் பிடிக்கிறது. கம்பளி நூலும் மூங்கிலும் கூடினால் ஓட்டம் தடைப்படும். பட்டு நூலோ மினுக்கிய பருத்தி நூலோ ஆயின், அந்தப் பற்றுதலே நன்மையாகிக் கண்ணிகள் ஓடிவிடாது காக்கும். மெல்லிய மூங்கில் ஊசி ஒடியும் என்பதையும் மறத்தல் ஆகாது. பிளாஸ்ரிக் ஊசிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மிகப் பருமனான அளவுகளில், பாரம் குறைவு என்பதற்காக, அவை ஏற்கத்தக்கன. சிறிய அளவுகளில் வளையும். செயற்கை நூலோடு உரசும்போது சில வேளை கீச்சிடவும் செய்யும். சுருங்கக் கூறின், வழுக்கும் நூலுக்குப் பற்றும் ஊசி, பற்றும் நூலுக்கு வழுக்கும் ஊசி.

இனிப் பிடி. இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகின்றனர். தண்டு மெல்லியதாயிற் பிடியும் மெல்லியதாக இருப்பதே பழைய உருக்கு ஊசிகளின் வழக்கம். பென்சிலின் பாதிப் பருமன்கூட இல்லாத கம்பியை இரு விரல்களுக்கிடையே நிலைநிறுத்துவதற்கு, கை தன்னை அறியாமலே கிள்ளிப் பிடிக்கிறது. கிள்ளும்போது விரல் நுனியில் உள்ள விசையைப் போற் பன்மடங்கு விசை பெருவிரலின் அடிமூட்டில் ஏறும். பத்து நிமிடத்திற்கு அது தெரியாது. இரண்டு மணித்தியாலத்தின் பின் தெரியும். வயது சென்றவர்களுக்கு, வாதத்தால் மூட்டுத் தடித்தவர்களுக்கு, அடுத்த நாட்காலையிலே தேநீர்க் கோப்பையைத் தூக்கும்போது மிக நன்றாகத் தெரியும்.

பொழுதுபோக்காகப் பின்னுபவர் நோவு கண்டால் ஊசியைக் கீழே வைக்கலாம். கூலிக்குப் பின்னியவர்களுக்கு அந்த வசதி இருந்ததில்லை. அயர்லாந்திலே 1845 இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் பற்றியது. அதனால் எழுந்த பஞ்சத்திலே ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். ஏறத்தாழ அதேயளவு மக்கள் கடல் கடந்தனர். நிலம் கைவிட்டபோது குடும்பங்கள் பற்றிக்கொண்ட கொழுகொம்புகளுள் குரோஷே ஒன்று. கன்னியர் மடங்கள் அதனைக் கற்பித்தன. மொனகன் மாவட்டத்துக் குளோன்ஸ் என்னும் ஊரிலே, தேவாலயக் குருவின் மனைவியான கசந்திரா ஹாண்ட் அம்மையார் 1847 இல் ஏழைப் பெண்களுக்கு இதனைப் பயிற்றும் ஏற்பாட்டைத் தொடங்கினார். வெனிசு நகரத்து ஊசி லேசைப் போன்ற தோற்றத்தை அதனினும் மிக விரைவாகக் கொக்கியாற் கொண்டுவரலாம் என்பதே அத்தொழிலின் உயிர்நாடி. உருப்படிக்கு இவ்வளவு எனக் கூலி. விரைவு என்பது அவர்களுக்கு அடுப்பில் ஏறும் உணவாகும். ரோசாப்பூ, மூவிலைக் கீரை முதலிய உருக்களைத் தனித்தனியே பின்னிப் பின்னர் இணைப்பர். சில குடும்பங்கள் தமக்கென்று ஓர் உருவை வைத்துக்கொண்டு அதனையே திரும்பத் திரும்பப் பின்னின.

அப்பெண்கள் கையாண்ட ஊசி எத்தகையது? பெரும்பாலும் வீட்டிற் செய்ததே. விறைப்பான கம்பி ஒன்றையோ தையலூசி ஒன்றையோ எடுத்து, நுனியை அரத்தால் அராவிக் கொக்கியாக்கி, மறுமுனையை மரத்துண்டிலோ தக்கையிலோ செருகிக்கொள்வர். கவனிக்கத்தக்கது அந்த மரத்துண்டு. நூலுக்கு ஏற்ற மெல்லிய நுனியும், கைக்கு ஏற்ற தடித்த பிடியும் ஒரே கருவியில் வேண்டும் என்பதை, வறுமையிலே நாள் முழுவதும் பின்னிய கைகள் கண்டறிந்திருந்தன. பிற்காலத்து ஆலைகள் ஒரே கம்பியில் நுனியையும் பிடியையும் அடித்து இறக்கியபோது அந்த அறிவு பாதி மறைந்துபோயிற்று என்றே சொல்லவேண்டும்.

அயர்லாந்தின் கதை பழையது என்று தள்ளிவிடுதற்கில்லை. ஆந்திர மாநிலத்தில் மேற்குக் கோதாவரிப் பகுதியிலுள்ள நரசாபுரத்திலே, 19 ஆம் நூற்றாண்டில் மிஷனரிமார் கற்பித்த குரோஷே பின்னல், பிறநாடுகளுக்குச் செல்லும் பெருந்தொழிலாயிற்று. அங்குள்ள பெண்களைப் பற்றி ஜேர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் எழுதிய ஆய்வுநூல் 1982 இல் வெளிவந்தது. வீட்டுவேலை முழுவதையும் செய்துவிட்டு, நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணித்தியாலம் வரை பின்னிய அப்பெண்களை, வீட்டிலே சும்மா இருப்பவர்கள் என்றே ஊரார் எண்ணினர். கூலி உருப்படிக்கே கணக்கிடப்பட்டமையால், அவர்களின் மணித்தியாலங்கள் எவருடைய கணக்கேட்டிலும் ஏறவில்லை. குரோஷே பின்னலை ஆலை அளவிற் செய்யும் இயந்திரம் இன்றுவரை வழக்கில் இல்லை. இயந்திரம் செய்வது அதன் தோற்றத்தை மட்டுமே. எனவே கடையிலே தொங்கும் உண்மையான குரோஷேச் சட்டை ஒவ்வொன்றின் பின்னாலும், எங்கோ ஒரு பெண் கொக்கியைப் பிடித்து இருந்திருக்கிறாள். அவள் கையில் இருந்த ஊசி எது என்பதை வாங்குபவர் கேட்பதில்லை, விற்பவரும் கேட்பதில்லை.

அண்மைக் காலத்தில் தயாரிப்பாளர்கள் பிடியைக் கவனிக்கத் தொடங்கியுள்ளனர். யப்பானிய நிறுவனங்களான குளோவர், டியூலிப் ஆகியன, உலோக நுனியை மென்மையான இறப்பர் போன்ற பிடியிற் பொருத்தி விற்கின்றன. டியூலிப் இருக்கும் ஹிரோஷிமா நகரம் தையலூசிக்கு நெடுங்காலமாகப் பெயர்பெற்றது. ஜேர்மனியில் அடி என்னும் பெயரில் வரும் ஊசிகளுள் ஒன்று, விரல்கள் பதிவதற்கு ஏற்ற வளைவுகளோடு அமைந்த அகன்ற பிடியுடையது. இவற்றைப் பாவிப்பவர்கள் கை இளைப்பது குறைவு என்று சொல்வதில் நியாயம் உண்டு. எனினும் ஒரு குறையையும் நோக்குதல் வேண்டும். தடித்த பிடி தலைக்கு மிக அருகே தொடங்குமாயின், தண்டில் இடம் போதாது. பல கண்ணிகளை ஒருங்கே தாங்கவேண்டிய பின்னல்களில் அது இடைஞ்சலாகும். வளைவுகள் பதித்த பிடியும் எல்லாக் கைக்கும் ஒவ்வாது. அச்சு எவருடைய கைக்கு ஏற்ப வார்க்கப்பட்டதோ அவருக்கே அது முற்றாகப் பொருந்தும்.

விலையுயர்ந்த ஊசி வாங்க இயலாதவர்கள் மனந்தளர வேண்டியதில்லை. நல்ல தலையுள்ள பழைய உருக்கு ஊசியின் பிடியிலே பருத்தித் துணிநாடாவை இறுகச் சுற்றிக்கொள்ளலாம். துளையிட்ட தக்கையிற் செருகலாம். துணிநாடா வியர்வையை உறிஞ்சும், அழுக்கேறினால் மாற்றிக்கொள்ளலாம். பிடி ஏறத்தாழப் பென்சிலின் பருமனுக்கு வந்துவிட்டாலே கிள்ளும் விசை தளர்வதை விரல்கள் உடனே உணரும். பயணத்திலோ பெட்டிக்குள்ளோ அடிபட்டுத் தலையிற் சிராய்ப்பு ஏற்பட்ட ஊசி, நூலின் நார்களைப் பிடித்திழுக்கும். மிக மென்மையான மணல்தாளால் அதனைத் தேய்த்து, மெழுகு பூசித் துடைத்தால், கைவிட இருந்த ஊசி பெரும்பாலும் மீண்டும் வேலைக்கு வரும்.

ஊசியைப் பிடிக்கும் முறையும் இதனோடு சேர்ந்தது. பென்சிலைப் போற் பிடிப்பவர் உளர். காய்கறி வெட்டும் கத்தியைப் போல மேலிருந்து பற்றுபவரும் உளர். முதலாவதில் விரல்கள் உழைக்கும். இரண்டாவதில் மணிக்கட்டும் முன்கையும் உழைக்கும். ஒன்று நாகரிகம், மற்றது நாட்டுப்புறம் என்று ஒரு காலத்திற் பேசப்பட்டது வீண்பேச்சு. பெருவிரல் நோபவர் கத்திப் பிடியையும், மணிக்கட்டு நோபவர் பென்சிற் பிடியையும் முயன்று பார்க்கலாம். நோவு விரல்களில் மரத்துப்போதலாகவோ இரவில் விழிக்கச் செய்யும் குத்தலாகவோ மாறுமாயின், அது ஊசிக்கடையில் தீரும் காரியமன்று. வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

ஊசியின் எண்ணைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. 8 என்னும் எண் பழைய பிரித்தானிய முறைப்படி 4 மில்லிமீற்றர். அமெரிக்க முறையில் அதே எண் 5 மில்லிமீற்றர். அமெரிக்க உருக்கு ஊசிகளிலோ அது ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றர் மட்டுமே. ஆகவே பழைய மாதிரிப் புத்தகத்தை வைத்துப் பின்னுபவர், எண்ணை விட்டு மில்லிமீற்றர்க் கணக்கையே கேட்டு வாங்குதல் நன்று. ஐயமுற்றால் தண்டை அளந்து பார்க்கலாம். தொண்டையை அளந்தால் கணக்குப் பிழைக்கும்.

இரண்டு மூன்று ஊசிகள் கையில் உள்ளவர்கள் அவற்றை ஒப்பிட்டுப் பார்க்க எளிய வழி உண்டு. ஒரே பந்து நூலில், ஒரே அளவு ஊசிகளால், 20 பின்னல் அகலமும் 10 வரிசை உயரமும் கொண்ட சிறு துண்டு ஒன்றை ஒவ்வோர் ஊசியாலும் பின்னவேண்டும். ஆக 200 பின்னல். மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ளவேண்டும். புதிய ஊசி முதல் துண்டில் தோற்பது இயல்பு. கைக்குப் பழக்கம் இல்லை. ஆகவே முதற் கணக்கை ஒதுக்கிவிட்டு இரண்டாவதையே கொள்ளல் வேண்டும். பின்னர் அவ்வூசியாலேயே வேறு வேலையை ஒரு மணித்தியாலம் பின்னிவிட்டு, கை களைத்த நிலையில் அதே துண்டை மறுபடியும் பின்னி நேரம் பார்க்கவேண்டும். முதல் நேரத்துக்கும் இந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளி எந்த ஊசியிற் குறைவோ, நெடுநேர வேலைக்கு அதுவே வேகமான ஊசி. மூன்று ஊசிகளையும் ஒரே நாளிற் சோதித்தல் கூடாது. முதல் ஊசியின் களைப்பை மூன்றாவது ஊசி சுமக்கும்.

துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அளந்தும் பார்க்கவேண்டும். விரைவாகப் பின்னிய துண்டு அகன்று தளர்ந்து இருக்குமாயின், அங்கே ஊசி வென்றதாகக் கொள்ளுதற்கில்லை. நூல் தளர்ந்ததே காரணம். அளவில் வேறுபாடு கண்டால், தொடங்கிய வேலையை எந்த ஊசியால் தொடங்கினாரோ அதனாலேயே முடித்துவிடுதல் வேண்டும். இடையில் ஊசி மாறினால், மேசைவிரிப்பின் நடுவே எந்த வரிசையில் மாறியது என்பதைச் சலவைக்குப் பின்னரும் விரல் தடவிச் சொல்லிவிடலாம்.